ஏழாவது படிக்கிற பொண்ணுக்கு இயற்கணிதம்: வீட்டு வேலையிலயே பழக்க முடியுமா?

நெல்லை அம்மா:
பொண்ணு தமிழ் மீடியம். கூட்டல், பெருக்கல் எல்லாம் மடமடன்னு போடுவா. இயற்கணிதம்னா மட்டும் "எழுத்தை எதுக்குக் கணக்குல கொண்டு வர்றாங்க?"ன்னு நோட்டை மூடிடுறா. "பக்கம் மாறினா குறி மாறும்"னு மனப்பாடமா ஒப்பிக்கிறா. ஏன் மாறுதுன்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியல. டியூஷன் இல்லாம ஏதாவது வழி இருக்கா?

மளிகைக்கடை அண்ணாச்சி:
தங்கச்சி, எங்க கடையில பழைய தட்டுத் தராசு ஒண்ணு கெடக்கு. எம் மவளுக்கு அதுலதான் சொல்லிக் கொடுத்தேன். டிஜிட்டல் தராசு இதுக்கு ஆவாது, அது விடையச் சொல்லிரும்.

ஒரே எடையில மூணு பொட்டலம் சீரகம் கட்டினேன். எவ்வளவுன்னு சொல்லல. இடது தட்டுல அந்த மூணும் ஒரு 50 கிராம் கல்லும். வலது தட்டுல 200 கிராம் கல்லு. முள்ளு நேரா நின்னுச்சு. "ஒரு பொட்டலம் எவ்வளவு?"ன்னு கேட்டேன். அவ இடது பக்கத்து 50ஐ எடுத்தா, வலது தட்டு டமார்னு இறங்கிட்டு. அங்கயும் 50 எடுக்கணும்னு புரிஞ்சுது. ஆனா 200 ஒத்தைக் கல்லுல்லா? கொஞ்ச நேரம் முழிச்சா. பொறவு அதை இறக்கிட்டு 100, 50, 50ன்னு மூணு கல்லு வச்சு, அதுல ஒரு 50ஐ எடுத்தா. மிச்சம் 150, மூணு பொட்டலம், ஆளுக்கு 50.

கல்லு எதுவும் தாண்டிக் குதிச்சுக் குறி மாத்திக்கல பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்தோம், அவ்வளவுதான். 3ப + 50 = 200ன்னு எழுதுறத கடைசியில வச்சுக்கிடுங்க.

ஓய்வு பெற்ற டீச்சர்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'ப' என்பது பொட்டலம் அல்ல, பொட்டலத்தின் எடை. இதில்தான் பாதிப் பிள்ளைகள் சறுக்குவார்கள். இட்லிக்கு ஊறப்போடும்போது சோதித்துப் பாருங்கள் அம்மா. உளுந்து ஒரு டம்ளர், அரிசி நாலு டம்ளர். இதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் பெரும்பாலும் 4அ = உ என்று எழுதுவார்கள், "நாலு அரிசி, ஒரு உளுந்து" என்று வாய் சொல்வதை அப்படியே. உ-வுக்கு 2 போட்டு அரிசி எவ்வளவு என்று கேளுங்கள். அரை டம்ளர் என்று வந்ததும் அவளே சிரித்துவிட்டு அ = 4உ என்று திருத்துவாள்.

சென்னைவாசி:
எங்க வீட்ல ஆட்டோ கணக்கு. 2013ல அரசு வச்ச ரேட்: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபா, அதுக்கு மேல கி.மீ.க்கு 12. அதாவது 25 + 12க. (அந்த ரேட்டுக்கு யார் வர்றாங்கன்னு கேக்காதீங்க.) 85 ரூபா ஆச்சுன்னா எவ்வளவு தூரம்? பையன் டக்குனு 5ன்னான். 'க' எதுல இருந்து எண்ணுறதுன்னு கேட்டப்புறம்தான் 6.8 வந்துச்சு.

நெல்லை அம்மா:
இன்னைக்கு ராத்திரியே மாவுக்குப் போடணும், டீச்சர் சொன்னதை அங்கயே கேட்டுப் பார்க்கிறேன். அண்ணாச்சி, தட்டுத் தராசுக்கு எங்க போக?

மளிகைக்கடை அண்ணாச்சி:
துணி மாட்டுற ஹேங்கர ஆணியில தொங்கவிட்டு ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி பை கட்டுங்க. கல்லுக்குப் பதிலா அஞ்சு ரூபா நாணயம். பழசையும் புதுசையும் கலந்துராதீங்க, எடை வேற வேற.