சட்கிளிஃப் என்ற குடும்பப் பெயரைப் பற்றி உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். கிரிக்கெட்டில் ஜாக் ஹாப்ஸுடன் இங்கிலாந்துக்குத் தொடக்க ஆட்டக்காரராக ஆடிய ஹெர்பர்ட் சட்கிளிஃப் எனக்கு மிகவும் பிடித்தவர். 54 டெஸ்டுகளில் 60.73 சராசரி! அவரைப் பற்றிப் படிக்கப்போய் அந்தப் பெயரே என்னைப் பிடித்துக்கொண்டது.

'தெற்குப் பாறைச்சரிவு' என்று பொருள்படும் இடப்பெயரிலிருந்து வந்தது இது. யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் நகரைச் சுற்றியுள்ள மலைப்பகுதிதான் இதன் பிறப்பிடம். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கமே இது அடர்ந்திருக்கிறது. கம்பளி நெசவும் பிறகு வந்த பஞ்சாலைகளும் மக்களை அக்கம்பக்கத்திலேயே வைத்திருந்தன என்பது என் எண்ணம். ஆனால் நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் பெர்ட் சட்கிளிஃப் பிறந்தது ஆக்லாந்தில். கடல் கடந்தும் போயிருக்கிறது பெயர்.

நான் கேட்பது இதுதான். இந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லாரும் ஒரே குடும்பத்தின் கிளைகளா, அல்லது பல சரிவுகளில் தனித்தனியாகப் பெயர் முளைத்ததா? 1379 தலைவரிப் (ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த வரி) பட்டியலையும், 1538 முதல் உள்ள ஹாலிஃபாக்ஸ் திருச்சபைப் பதிவேடுகளையும் படித்துப் பழகியவர்கள் இருந்தால், எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கடைசி 'e' எழுத்து இல்லாமலும் (Sutcliffe, Sutcliff) இப்பெயரை எழுதுகிறார்கள். தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாமா? அந்தப் பகுதியில் வசிப்பவர்கள் எழுதினால் மிகவும் மகிழ்வேன்.