பிங் போகுது, டேட்டாபேஸ் மட்டும் கனெக்ட் ஆகலை: தஞ்சாவூர் சர்வர், கும்பகோணம் கிளை, ரெண்டு டொமைன்

அரசலாறு:
தஞ்சாவூர் ஹெட் ஆபீஸ்ல எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்டோட இலவச டேட்டாபேஸ்) ஓடுது. நெல் கொள்முதல், ரைஸ்மில் பில்லிங் எல்லாம் அதுலதான். கும்பகோணம் கிளை தனி டொமைன் (அதோட விண்டோஸ் லாகின் எல்லாம் தனி), நடுவுல விபிஎன் (ரெண்டு ஆபீஸையும் இணைக்குற தனிப் பாதை). கிளையிலேருந்து சர்வர் ஐபிக்குப் பிங் அடிச்சா பதில் வருது. புரோகிராமைத் திறந்தா எரர் 26, இன்ஸ்டன்ஸே (சர்வர்ல ஓடுற அந்த டேட்டாபேஸ்) கிடைக்கலையாம். ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்ணிப் பார்த்தா எரர் 18452. ஒரு கோளாறா, ரெண்டா? சம்பா அறுவடைக்குள்ள சரியாகணும்.

வெண்ணாறு:
ரெண்டு. முதல்ல ஃபயர்வாலை ஆன் பண்ணுங்க சார்.

பிங் வந்தா பாதை இருக்குன்னுதான் அர்த்தம், போர்ட் (டேட்டாபேஸ் பேசுற நம்பர் வாசல்) திறந்திருக்குன்னு இல்ல. பேர் வச்ச இன்ஸ்டன்ஸுக்கு டைனமிக் போர்ட், அதாவது மாறக்கூடிய நம்பர். அது எந்த நம்பர்னு கிளை கம்ப்யூட்டர் யுடிபி 1434-ல சர்வரோட எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸைக் கேட்கும். அந்தக் கேள்வி வழியில அடைபட்டா 26.

போர்ட்டை நிலையா வச்சிட்டா இந்தத் தொல்லையே இல்ல. எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல டிசிபி/ஐபி பிராப்பர்ட்டீஸ், கடைசியா ‘ஐபி ஆல்’. டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியா விடுங்க. 0-ன்னு விட்டா அதுவும் டைனமிக்தான், நிறையப் பேர் சறுக்குற இடம் இது. கீழ இருக்குற டிசிபி போர்ட்ல 1433 போட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஃபயர்வால்ல டிசிபி 1433-ஐக் கிளையோட சப்நெட்டுக்கு (ஐபி வரிசைக்கு) மட்டும் திறந்தா போதும். ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு போட்டு இன்டர்நெட்டுக்குக் காட்டிடாதீங்க.

கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்ல சர்வர் பேர், கமா, 1433. கோலன் போட்டா வேலைக்கு ஆகாது.

குடமுருட்டி:
18452 வந்தது ஒருவகையில நல்ல சேதி. சர்வர் வரைக்கும் போய்ட்டீங்க, ‘உன் டொமைனை எனக்குத் தெரியாது’ன்னு அது திருப்பி அனுப்புது. ரெண்டு டொமைனுக்கும் ட்ரஸ்ட் (ஒண்ணோட லாகினை இன்னொண்ணு நம்புற ஏற்பாடு) போடணும். இல்லாட்டி மிக்ஸட் மோடுக்கு (விண்டோஸ் லாகின், எஸ்க்யூஎல் லாகின் ரெண்டையும் ஏத்துக்குறது) மாத்தி, புரோகிராமுக்குன்னு தனி எஸ்க்யூஎல் லாகின் கொடுக்கணும் (எஸ்ஏங்கிற அட்மின் லாகின் வேண்டவே வேண்டாம்). ஒரே கிளைன்னா எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. மோடு மாத்தினதும் ரீஸ்டார்ட் பண்ண மறந்தா 18456 (லாகின் தோல்வி) வரும். கிளையில பார்த்தா அந்த எரரோட ஸ்டேட் (காரணம் சொல்ற நம்பர்) எப்பவும் 1-ன்னுதான் தெரியும், சர்வரோட எரர் லாக்கைத் திறங்க. 58-ன்னா இன்னும் விண்டோஸ் மோடுலேயே நிக்குது. 8-ன்னா பாஸ்வேர்டு தப்பு, 5-ன்னா அப்படி ஒரு லாகினே இல்ல.

அரசலாறு:
போர்ட் சரியாயிடுச்சு. இன்னும் கிளைகள் வரப்போறதால ட்ரஸ்ட்டே போட்டாச்சு. டிஎன்எஸ்ல (பேரை ஐபியா மாத்துற இடம்) கண்டிஷனல் ஃபார்வர்டரும் (அடுத்த டொமைன் பேர்களை அங்கேயே கேட்குற ஏற்பாடு) ரெண்டு பக்கமும் இருக்கு. ஐபி கொடுத்தா உள்ள போகுது, முழுப் பேர் கொடுத்தா ‘எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்ட்’ எரர்.

வெண்ணாறு:
விண்டோஸ் லாகினைச் சரிபார்க்க ரெண்டு முறை: ஐபி கொடுத்தா என்டிஎல்எம், பேர் கொடுத்தா கெர்பரோஸ். அதான் வித்தியாசம். ‘செட்எஸ்பிஎன்’ கமாண்டை மைனஸ் எக்ஸ் போட்டு ஓட்டுங்க. சர்வீஸ் அக்கவுன்ட்டை இடையில மாத்தியிருந்தா பழைய அக்கவுன்ட்லேயே எஸ்பிஎன் (கெர்பரோஸ் சர்வீஸை அடையாளம் காணுற பேர்) தங்கியிருக்கும். அதை நீக்கிட்டு இப்போ ஓடுற அக்கவுன்ட்ல பதியணும்.

குடமுருட்டி:
அதுக்கு முன்னாடி ரெண்டு டொமைன் கன்ட்ரோலரோட (டொமைன் லாகினைச் சரிபார்க்குற சர்வர்) கடிகாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா கெர்பரோஸ் டிக்கெட் செல்லாது. நம்ம ஊர் கரன்ட் கட்டுக்கு, மதர்போர்டுல அந்த சிஆர்2032 பேட்டரி செத்திருந்தா ஒவ்வொரு தடவையும் நேரம் பின்னாடி போயிடும். கிளை கம்ப்யூட்டர்லாம் அதோட கன்ட்ரோலரைப் பார்த்தே நேரம் வச்சுக்கும், அதனால ஆபீஸுக்குள்ள யாருக்கும் தப்புத் தெரியாது. பேட்டரியை மாத்திட்டு கன்ட்ரோலரை வெளி என்டிபி (சரியான நேரம் சொல்ற) சர்வரோட இணைங்க.

அரசலாறு:
கும்பகோணம் கன்ட்ரோலர் 11 நிமிஷம் பின்னாடி. நேரத்தைச் சரிபண்ணதும் பேர் கொடுத்தே உள்ள போயிடுச்சு, எஸ்பிஎன்ல கை வைக்கலை. பேட்டரி நாளைக்கு வாங்கணும்.