மார்கழிக் கோலம் கேட்டால் ரங்கோலி வருகிறது: ப்ராம்ப்ட்டை எப்படி எழுதுவது?

தூரிகைத்துளி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் ஒரு சிறு மலர் கொண்டுவருகிறது. இந்த முறை அட்டைப்படம் என் பொறுப்பு. காட்சி மனத்தில் தெளிவாக இருக்கிறது: விடியலுக்கு முன், ஓட்டு வீட்டு வாசலில் ஒரு பெண் குனிந்து சிக்குக்கோலம் போடுகிறாள். நடுவில் சாண உருண்டை, அதில் செருகிய பூசணிப்பூ.

என் கணினியில், எழுதியதைப் படமாக்கும் செயற்கை நுண்ணறிவு மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் இருக்கிறது; ஆட்டோமேட்டிக்1111 என்ற இயக்குமுகப்பு வழியாக இயக்குகிறேன். முதலில் ப்ராம்ப்ட்டை, அதாவது எப்படிப்பட்ட படம் வேண்டும் என்ற விவரிப்பை, தமிழில் கொடுத்துப் பார்த்தேன். சம்பந்தமில்லாத மலைக்காட்சி ஒன்று வந்தது. பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் தமிழ் வடிவம் இது:

"தமிழ்நாட்டுக் கிராமம், மார்கழி மாதக் காலை, அழகான தமிழ்ப் பெண் கோலம் போடுகிறாள், பாரம்பரிய வீடு, திண்ணை, பூசணிப்பூ, வண்ணப்பொடி இல்லாமல், தலைசிறந்த படைப்பு, 8கே, மிக மிக நுணுக்கம்."

கிடைப்பது வேறு. தரை முழுவதும் சிவப்பும் நீலமுமாக வண்ணப்பொடி. பெண் நகைகளோடு சம்மணமிட்டு உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். உடுத்தியிருப்பது பாவாடையும் துப்பட்டாவும். வீடு ராஜஸ்தான் மாளிகை போல வளைவுகளோடு நிற்கிறது. வெயில் பொன்னிறத்தில் அடிக்கிறது. பூவுக்குப் பதில் முழுப் பூசணிக்காய். எல்லாவற்றுக்கும் மேலாக, கோலத்தின் கம்பி எங்கும் அறுந்து தொங்குகிறது, புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன. இந்த மலரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தினமும் கோலம் போடுகிறவர்கள். இப்படி ஒன்றை அட்டையில் போட எனக்கு மனம் வரவில்லை. எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

கீழத்தெரு:

தமிழில் கொடுத்தது ஏன் வேலை செய்யவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். எக்ஸ்எல் நம் உரையை இரண்டு கிளிப் வகைக் குறிமாற்றிகள் (சொற்களை மாடலுக்குப் புரியும் எண்களாக மாற்றுபவை) வழியாகப் படிக்கிறது. இரண்டுமே பெரும்பாலும் ஆங்கில விளக்கங்களோடு பயின்றவை. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். அவை பொருளில்லாத சிறு துண்டுகளாக உடைந்து உள்ளே போகின்றன. அப்படி உடையும் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ஒரு தடவைக்கு 75 டோக்கன்தான் இடம். தமிழ் வாக்கியம் ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், பொருளும் போய்ச்சேராது. ஆகவே இந்த மாடலுக்கு ஆங்கிலமே வழி.

ரங்கோலி வருவதற்கும் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் 2022இல் வெளியான லாயன்-5பி என்ற இணையப் படத் தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்த படங்களில் பயின்றவை. அங்கே ஒரு படத்துக்கு விளக்கம் என்பது, இணையப் பக்கத்தில் யாரோ அந்தப் படத்துக்கு இட்டு வைத்த குறிப்புதான். நம் கோலப் படங்கள் பலவற்றுக்கும் ரங்கோலி என்றே குறிப்பு இருக்கும்.

அச்சுமை:

தம்பி, உங்கள் ப்ராம்ப்ட்டில் பெயர்கள் நிறைய. கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் குறைவு. திண்ணை என்றால் நமக்கு உடனே படம் எழுகிறது. மாடலுக்கு அந்தச் சொல்லோடு இணைந்த படங்கள் சொற்பம். தெரியாத சொல்லைப் பார்த்ததும் அது தனக்கு அதிகம் பழக்கமான இந்தியப் படத்துக்குத் தாவுகிறது. மாளிகையும் துப்பட்டாவும் அங்கிருந்துதான் வருகின்றன. எனவே பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அயல்நாட்டுக்காரர் நின்றால் என்ன பார்ப்பாரோ அதை எழுதுங்கள்.

திண்ணைக்கு: "கதவின் இருபுறமும் இடுப்புயர மேடை, உருண்டையான மரத்தூண்கள், தாழச் சரிந்த சிவப்பு ஓட்டுக்கூரை." பெண்ணுக்கு: "நடுத்தர வயது, கட்டம் போட்ட பருத்திச் சேலை, முந்தானை இடது தோளைச் சுற்றி இடுப்பில் செருகியது, இறுகப் பின்னிய கூந்தல்." 'அழகான' என்பதை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சொல்தான் நகைக்கடை விளம்பர முகத்தை இழுத்து வருகிறது. வயதையும் வேலையையும் சொன்னால் முகம் தானாக இயல்பாகும்.

நிற்கும் விதம் தனியாகக் கவனிக்க வேண்டியது. "கோலம் போடுகிறாள்" என்பது செயலின் பெயர். உடம்பு எப்படி இருக்கிறது என்று அதில் இல்லை. "பாதங்கள் அகன்று நின்றபடி இடுப்பில் முன்னால் மடங்கி, முழங்கால் மடக்காமல், வலக்கை தரைக்கு அருகில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வெள்ளை மாவு விழுகிறது, முகம் கீழ்நோக்கி, பக்கவாட்டுக் கோணம்" என்று எழுதிப் பாருங்கள். அப்படியும் உட்கார்ந்தே வந்தால் சொல்லோடு போராட வேண்டாம். வீட்டில் ஒருவரை அப்படிக் குனியச் சொல்லிப் படம் எடுங்கள். படத்தின் அமைப்பைக் கட்டுப்படுத்தும் துணைக்கருவியான கன்ட்ரோல்நெட்டின் ஓப்பன்போஸ் வகை, அந்த உடல் நிலையை எலும்புக்கூடு போல அப்படியே எடுத்துக்கொள்ளும்.

வெளிச்சம்: மாடலுக்கு இந்தியக் காலை என்றால் பொன் வெயில். மார்கழி என்பதும் அதற்குப் பயன்படாது. "சூரியன் எழுவதற்கு முந்தைய நீல இருள், வாசலில் ஒற்றை விளக்கின் மங்கிய மஞ்சள் ஒளி, தெருக்கோடியில் பனிமூட்டம், நீர் தெளித்த ஈரமான பழுப்பு மண்தரை" என்றால் மார்கழி வந்துவிடும்.

பூசணிப்பூவுக்குப் பூசணி என்ற சொல்லே வேண்டாம். "ஐந்து இதழ் விரிந்த, புனல் வடிவ மஞ்சள் பூ" போதும். காயை நெகட்டிவ் ப்ராம்ப்ட்டில், அதாவது வேண்டாதவற்றை எழுதும் பெட்டியில், தள்ளுங்கள்.

அதோடு, "வண்ணப்பொடி இல்லாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். கிளிப்புக்கு 'இல்லாமல்' சரியாகப் பிடிபடாது. 'வண்ணப்பொடி' நன்றாகப் பிடிபடும். வேண்டாதவை எல்லாம் நெகட்டிவ் பெட்டிக்குள் போக வேண்டும், அங்கேயும் 'வேண்டாம்' என்று சேர்க்காமல் வெறும் பெயராக: வண்ணப்பொடி, பூசணிக்காய், கூரிய வளைவுகள், துப்பட்டா, சூரியன், நகைகள். 8கே, தலைசிறந்த படைப்பு ஆகியவற்றை நீக்கினால் உங்களுக்கு இடம் மிச்சம். 75ஐத் தாண்டினால் ஆட்டோமேட்டிக்1111 அடுத்த 75 என்று துண்டாகப் பிரித்துக்கொள்ளும், ஆனால் பின்துண்டில் இருப்பவை என் அனுபவத்தில் தளர்ந்துபோகின்றன. முக்கியமானதை முன்னால் வையுங்கள். ஒன்று மட்டும் அழுத்தம் பெற வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் அதை இட்டு 1.2 அல்லது 1.3 கொடுங்கள். 1.5க்கு மேல் போனால் படம் கருகத் தொடங்கும்.

கடைசியாக ஒரு பழக்கம்: சீட் எண்ணை (படத்தின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் எண்) பூட்டிவிட்டு ஒரு நேரத்தில் ஒரு தொடரை மட்டும் மாற்றுங்கள். சீட் ஓடிக்கொண்டே இருந்தால் மாற்றம் உங்கள் சொல்லால் வந்ததா, தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது.

வெண்கலச்சொம்பு:

ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய வார இதழ் ஓவியர் யாராவது ஒருவரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பாணி உடனே மாறும்.

அச்சுமை:

அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை இப்படித்தான் எல்லோரும் ப்ராம்ப்ட்டில் ஒட்டினார்கள். தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வந்து நிற்கும் என்று 2022இல் அவர் வெளிப்படையாகவே கவலைப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் இரண்டாம் பதிப்பில் உரைக் குறிமாற்றியே மாறியதால் அந்தப் பெயரின் பிடியும் தளர்ந்தது. ஒருவருடைய கைவேலையைக் கேட்காமல் எடுப்பது ஒருபுறம். நம் வார இதழ் ஓவியர்களை மாடலுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது என்பது மறுபுறம். தூரிகைத்துளிக்கு வேண்டியது ஊடகம். "தாளில் நீர்வண்ணம், மெல்லிய கறுப்பு மைக்கோடு, நிழலுக்குக் குறுக்குக் கோடுகள், நீலம், காவி, வெள்ளை மட்டும்" என்று எழுதினால் யாருடைய பெயரும் தேவையில்லை.

தூரிகைத்துளி:

மிக்க நன்றி அக்கா. வீடும் வெளிச்சமும் நான் நினைத்தபடியே வந்துவிட்டன. குனிந்த நிலைக்கு என் அத்தையைப் படம் எடுத்துக் கொடுத்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. கோலம்தான் இன்னும் சரியாகவில்லை. "வெள்ளைக் கோடு, புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரே தொடர்கோடு, சமச்சீர்" என்றெல்லாம் எழுதினேன். நிறம் சரி, வளைவும் சரி. ஆனால் உற்றுப் பார்த்தால் கம்பி எங்கோ தொடங்கி எங்கோ முடிகிறது.

ஊடுபுள்ளி:

இதைச் சொல்லால் வாங்க முடியாது, தூரிகைத்துளி. நான் பல ஆண்டுகளாகக் கோலம் கற்றுக்கொடுக்கிறேன், இந்தச் செயலிகளிலும் ஆர்வம் உண்டு. எளிய இடுக்குப்புள்ளிக் கோலம் (ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளிகள் அமைவது) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 7 புள்ளி, 4இல் நிறுத்த வேண்டும். வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளிகள். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கம்பி மூடாது. மாடல் எண்ணிக்கொண்டு வரைவதில்லை. தாறுமாறான புள்ளிக்கூட்டமாகிய இரைச்சலிலிருந்து படம் முழுவதையும் ஒரே நேரத்தில் மெல்லத் தெளியவைக்கிறது. கோலம் போன்ற ஒரு தோற்றம் கிடைக்கும், கோலம் கிடைக்காது. ப்ராம்ப்ட்டை இன்னும் பத்து வரி நீட்டினாலும் இது மாறாது.

கோலத்தை நீங்கள் கொடுங்கள். மலர் வாங்குகிறவர்களில் நன்றாகப் போடுகிற ஒருவரிடம் ஒரு கோலம் போடச் சொல்லி, நேர் மேலிருந்து படம் எடுங்கள். கிம்ப் அல்லது கிரிட்டா போன்ற படத்தொகுப்புச் செயலியில் அதன் கோடுகளை வெள்ளையாகப் பிரித்து, பார்வைச் சாய்வு மாற்றும் கருவியால் தரையின் கோணத்துக்குச் சாயுங்கள். உங்களுக்குப் பிடித்த படத்தின் தரையில் அதை ஒட்டிவிடுங்கள். இப்போது ஒட்டியது போலவே தெரியும், கவலை வேண்டாம். அந்தத் தரைப்பகுதியை மட்டும் இன்பெயின்ட்டில் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மீண்டும் வரையும் வசதி) தேர்ந்து, மாற்ற அளவை (டினாய்சிங் ஸ்ட்ரெங்த்) 0.3 அருகில் வைத்து, "ஈர மண்ணில் அரிசிமாவுக் கோடு, கோட்டின் ஓரத்தில் மாவுத்துகள்" என்று கொடுங்கள். கோடு மாவாக மாறும், வடிவம் நிற்கும். 0.5க்குப் போனால் மறுபடி கம்பி அறும். கன்ட்ரோல்நெட்டின் கோட்டுரு வகையையும் கூடவே இயக்கினால் இன்னும் உறுதி.

கோலம் போட்டவரின் பெயரை உள்பக்கத்தில் கட்டாயம் அச்சிடுங்கள். படம் செயற்கை நுண்ணறிவால் ஆனது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

வெண்கலச்சொம்பு:

ஃப்ளக்ஸ் என்ற வேறு மாடலைப் பயன்படுத்தலாமே? 2024 ஆகஸ்டில் வந்தது. கிளிப்போடு டி5 குறிமாற்றியும் இருப்பதால் நீண்ட வாக்கியங்களை நன்றாகப் பின்தொடர்கிறது.

கீழத்தெரு:

உண்மைதான், இடது, வலது, முன்னால், பின்னால் எல்லாம் அதில் நன்றாகப் பிடிபடும். அதற்குக் காற்புள்ளித் துண்டுகளாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும். ஆனால் நினைவகம் அதிகம் கேட்கும். வழக்கமான அமைப்பில் நெகட்டிவ் ப்ராம்ப்ட்டும் வேலை செய்யாது, எனவே வேண்டியதை மட்டுமே சொல்லிப் பழக வேண்டும். 37 புள்ளிக் கோலத்துக்கு அதிலும் ஊடுபுள்ளி அம்மா சொன்ன வழிதான்.

தூரிகைத்துளி:

எதிர்வீட்டுப் பாட்டி கோலம் போட்டுக் கொடுத்தார். ஒட்டி, 0.3இல் ஓட்டினேன். கம்பி ஓர் இடத்திலும் அறவில்லை! நடுவில் பூவையும் இன்பெயின்ட்டில் வைத்துவிட்டேன். இனி அச்சு. அளவு ஏ4, என் படம் 832×1216 பிக்சல். இதை எப்படிப் பெரிதாக்குவது?

அச்சுமை:

மிகவும் மகிழ்ச்சி தம்பி. 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 என்பது 2480×3508. வெட்டும் ஓரத்துக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் சுமார் 2551×3579. நான்கு மடங்கு பெரிதாக்கும் கருவி ஒன்றில் ஓட்டினால் 3328×4864 கிடைக்கும். அதைச் சுருக்கி, மேலும் கீழும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள். பெரிதாக்கும்போது ப்ராம்ப்ட் கேட்கிற வகைக் கருவி வேண்டாம், அது கோலத்தைத் தொட்டுவிடும். பெரிதாக்கிய பிறகு கம்பியை ஒருமுறை விரலால் தொடர்ந்து பாருங்கள். நீல இருள் திரையில் தெரிவதைவிட அச்சில் அதிகம் கறுக்கும். நிழல் பகுதியைச் சற்றுத் தூக்கி, அச்சகத்தில் ஒரே ஒரு தாள் மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் ஒப்புதல் கொடுங்கள்.