ராமேஸ்வரம் போக வேன்: நாள் வாடகையா, கிலோமீட்டர் ரேட்டா?

வைகைக்கரை:
மதுரையிலிருந்து ராமேஸ்வரம், வீட்டில் 12 பேர், இரண்டு நாள். தனுஷ்கோடியும் சேர்த்துப் போக வர 390 கிலோமீட்டர் வரும். ஒரு வேன்காரர் நாள் வாடகை 2,500, அதோடு கிலோமீட்டருக்கு 18 என்கிறார். இன்னொருவர் நாள் வாடகையே வேண்டாம், கிலோமீட்டருக்கு 24 கொடுங்கள் போதும் என்கிறார். பள்ளியில் படித்த ஒருங்கமை சமன்பாட்டை ஞாபகப்படுத்தி, தூரம் க, செலவு ச என்று வைத்து, ச = 5000 + 18க, ச = 24க என்று எழுதினேன். க = 833 வருகிறது. அவ்வளவு தூரம் எங்கே ஓடப்போகிறோம், அப்போ இரண்டாவது வேனில் 2,660 ரூபாய் மிச்சம், சரிதானே?

ஸ்டெப்னி:
கணக்கு சரி, சமன்பாடுதான் தப்பு. 24 சொன்னவர் நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர் என்று சொல்லியிருப்பாரே?

வைகைக்கரை:
சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

ஸ்டெப்னி:
இரண்டு நாளைக்கு 500. வேனை லாட்ஜ் வாசலிலேயே நிறுத்தி வைத்தாலும் 12,000 எடுத்து வைக்க வேண்டும். வரைபடம் போட்டுப் பாருங்கள், அவருடைய கோடு 500 வரை படுத்துக் கிடக்கும், அப்புறம்தான் ஏறும், அதனால் முதல் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். 5000 + 18க = 12000 என்று போட்டால் 389; மற்றது உங்கள் 833. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 24 ரேட் லாபம். உங்கள் 390க்கு ஒருவர் 12,020, இன்னொருவர் 12,000. இரண்டு டீ காசு!

பாம்பன்காற்று:
ஆனால் இரண்டாவதில் இன்னும் 110 கிலோமீட்டர் சும்மா கிடக்கிறதே. திரும்பும்போது உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். டிரைவர் பேட்டா (தினப்படி) யார் தலையில், மீட்டர் கணக்கு வேன் ஷெட்டிலிருந்தா உங்கள் வீட்டிலிருந்தா என்று முதலில் கேளுங்கள்.

வைகைக்கரை:
போன் போட்டேன். மீட்டர் இருவருக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான். பேட்டா முதலாமவருக்கு வாடகையிலேயே அடக்கம், இரண்டாமவருக்கு நாளைக்கு 500 தனி. அப்போ 5000 + 18க = 13000, க = 444. கோயில் இரண்டையும் சேர்த்தால் 450 பக்கம் வருகிறது, மறுபடியும் ஏறக்குறைய சமம்! முதல் வேனில் ஏசி ஒழுங்காக ஓடுமாம், அதற்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.