தலையில் அடிபட்ட அப்பா மறுபடி கார் ஓட்டலாமா?

ஜெலுத்தோங் மகள்:
எட்டு மாதங்களுக்கு முன் அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மூளையின் வலப்பக்கத்தில் இரத்தம் கசிந்தது. இப்போது நடக்கிறார், தெளிவாகப் பேசுகிறார், கடைக் கணக்கை மனத்திலேயே கூட்டுகிறார். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குத் தாமே கார் ஓட்டி எங்களை அழைத்துப்போவாராம். மருத்துவர் ‘பார்க்கலாம்’ என்றதோடு சரி.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. தோசைத் தட்டில் இடப்பக்கம் வைத்த சட்னியை அப்பா தொடுவதே இல்லை. தட்டைத் திருப்பி வைத்தால், ‘இப்போதுதான் வைத்தாயா?’ என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறார். கண் பரிசோதனையில் எழுத்துகளைச் சரியாகப் படித்துவிட்டார். இதை யாரிடம் சொல்வது?

பட்டர்வொர்த் அக்கா:
தங்கையே, கார்ச் சாவியை இன்றைக்கே எடுத்து வைத்துவிடு. என் கணவருக்கும் இப்படித்தான் இருந்தது. கண் பார்க்கும், ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்காது. நம் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகத்தானே ஒட்டி வருகின்றன!

மறுவாழ்வு மருத்துவ நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேள். அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர்தான் எங்களுக்குச் சோதித்தார். கடிகாரம் வரையச் சொன்னார். என் கணவர் வட்டத்தை ஒழுங்காகப் போட்டார்; 12 எண்களையும் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, ‘முடிந்தது’ என்று பேனாவை மூடினார். அதுவரை அவர் பிடிவாதம் பிடிப்பதாக நினைத்துத் தினமும் சண்டை போட்டேன். தம் குறை தமக்கே தெரியாமல் போவதும் அந்தக் காயத்தின் வேலைதான். அப்பாவிடம் கோபப்படாதே.

தொழில்வழிச் சிகிச்சையாளர், கோலாலம்பூர்:
எழுத்துப் பலகையைப் படிப்பது பார்வைக் கூர்மையை மட்டுமே காட்டும். நேரே பார்க்கும்போது பக்கங்களில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனை வேறு, கவனச் சோதனை வேறு, இரண்டும் தேவை. எண்ணையும் எழுத்தையும் மாறிமாறிக் கோடு போட்டு இணைக்கும் தாள், பிரேக் மிதிக்க ஆகும் நேரம் ஆகியவற்றையும் பார்ப்போம். தாளில் தேறினால் மட்டும் போதாது. பயிற்றுநர் பக்கமும் பிரேக் உள்ள காரில், உண்மையான சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். விபத்துக்குப் பிறகு வலிப்பு வந்ததா, தூக்கம் தரும் மருந்து எடுக்கிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்னி விஷயத்தைத் தேதியுடன் எழுதிக் கொண்டுபோங்கள். சற்று நேரமே பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை. இன்று தேறாவிட்டாலும் பயிற்சிக்குப் பின் மறுபடி சோதிக்கலாம்.

ஜெலுத்தோங் மகள்:
சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. இன்றிரவு அப்பாவைக் கடிகாரம் வரையச் சொல்லிப் பார்க்கட்டுமா?

தொழில்வழிச் சிகிச்சையாளர், கோலாலம்பூர்:
வேண்டாம், அம்மா. பழகிவிட்டால் சோதனை பிசகும். எங்கள் முன்னால் முதல்முறையாக வரையட்டும்.