யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிப் பக்கம் போய் இருக்கிறவை, உங்கடை அனுபவத்தைச் சொல்லுங்கோ

திருநெல்வேலி வாடகை வீடு:

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனுசனும் பிள்ளையும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை வாடகைக்கு இருக்கிறம். வீட்டுக்காரர் வெளிநாட்டிலை. வாற தையிலை இருந்து வாடகையைக் கூட்டப் போறதாயும் ஒரு வருசக் காசை முற்பணமாத் தரவேணும் எண்டும் தமையனிட்டைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கம்பஸ் கிட்ட இருக்கிறதாலை அறை அறையாப் பிரிச்சுப் பெடியளுக்கு விட்டால் அவருக்கு இதைவிடக் கூட வரும், அதை நான் பிழை சொல்லேல்லை. எங்களாலை கட்டேலாது.

2022 இலை விலைவாசி ஏறின மாதிரி எங்கடை சம்பளம் ஏறேல்லை. ரவுணுக்குக் கிட்ட ஒரு பரப்புக் காணி வாங்கிறதை நினைச்சும் பாக்கேலாது. வெளிநாட்டுக் காசு வாற வீடும் எங்களை மாதிரி மாசச் சம்பளக்காரரும் அதே காணிக்குத்தானே விலை கேக்கிறம். மனுசனுக்குக் கிளிநொச்சிக் கிளைக்கு மாற்றம் கிடைக்கும். அங்கை தெரிஞ்ச ஆளின்ரை அரை ஏக்கர் விலைக்கு வருது. அரை ஏக்கர் எண்டால் எட்டுப் பரப்பு. எனக்குச் சீதனமாத் தந்த ஒண்டரைப் பரப்பு இணுவிலிலை பங்குக் காணியாக் கிடக்கு. அதை வித்தால் எட்டுப் பரப்பையும் வாங்கிக் கிணறும் கட்டலாம் எண்டு மனுசன் சொல்லுறார்.

எனக்கு மனம் இன்னும் ஒப்பேல்லை. அம்மா இணுவிலிலை தனிய. மகள் மூண்டாம் வகுப்பு. போகாதை எண்டு சொல்ல வீட்டிலை ஆக்கள் இருக்கினம். போனாப் பிறகு எப்பிடி இருந்தது எண்டு சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. போனவையும் போய்த் திரும்பினவையும் மறைக்காமல் எழுதுங்கோ.

திருநகர்வாசி:

தங்கச்சி, நான் கொக்குவில் ஆள். கிளிநொச்சி திருநகருக்கு வந்து கனகாலம். இஞ்சை முதலாம் வகுப்புச் சேர்த்த மகன் இப்ப உயர்தரம் படிக்கிறான். அதாலை கொஞ்சம் விரிவா எழுதுறன்.

வந்த புதிசிலை எங்களுக்கு ஒரு சதமும் மிஞ்சேல்லை. வாடகை கொக்குவிலிலை குடுத்ததிலை அரைவாசிதான். அப்ப காசு எங்கை போனது? சனிக்கிழமை விடிஞ்சால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவம். பிள்ளைக்குச் சப்பாத்து, பல்லுக் காட்டுறது, தலைமயிர் வெட்டுறது எல்லாம் யாழ்ப்பாணத்திலைதான். கலியாணம், சாமத்தியம், அந்தியேட்டி ஒண்டும் விடுறேல்லை. நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைஞ்சு நாளும் மனிசிக்கு இஞ்சை இருப்புக் கொள்ளாது. யாழ்ப்பாணம் இஞ்சையிருந்து எழுபது கிலோமீற்றருக்குள்ளை எண்டதாலை அதை ஒரு பயணமாவே நாங்கள் நினைக்கேல்லை. ஒரு மாசம் மனிசி கொப்பியொண்டு எடுத்து பஸ் காசு, ஓட்டோக் காசு, கலியாண வீட்டிலை குடுத்தது, வழியிலை பிள்ளை கேட்டு வாங்கினது எல்லாத்தையும் எழுதினா. கூட்டிப் பாத்தால் வாடகையிலை மிஞ்சின காசு முழுக்க அந்தக் கொப்பிக்குள்ளை கிடந்தது.

பேந்துதான் மாறினம். சந்தை, மருந்து, முடிவெட்டு எல்லாம் கிளிநொச்சியிலையே. கும்பிட இஞ்சை கந்தசாமி கோயில். செத்தவீட்டுக்கு எல்லாரும் போவம், கலியாணத்துக்கு ஒராள் போறது. சொந்தத்துக்குள்ளை "பெரிய ஆக்களாப் போச்சினம்" எண்டு கதை வந்தது. மனிசி அதுக்கு அழுதவ. உண்மையாவே நொந்து போனா. ஆனால் அந்த வருசந்தான் வீட்டுக்கு அத்திவாரம் போட்டனாங்கள். இஞ்சை வந்தால் பிழைப்பும் இஞ்சை இருக்கவேணும் தங்கச்சி. ஆள் கிளிநொச்சியிலை, சீவியம் யாழ்ப்பாணத்திலை எண்டால் இரண்டு ஊர்ச் செலவும் உங்கடை தலையிலைதான்.

காணி பாக்கிறதெண்டால் மாரியிலை போகாதேங்கோ. மாரியிலை எல்லாக் காணியும் வடிவா இருக்கும். இரணைமடு வாய்க்காலிலை தண்ணி ஓடேக்கை கிட்டடிக் கிணறுகளிலை ஊத்து நிறைய இருக்கும். ஆவணி புரட்டாதியிலை போய் ஒரு வாளி அள்ளிப் பாருங்கோ. எங்கடை கிணத்திலை அந்த நேரம் வாளி சரிஞ்சு அடிக்கல்லிலை தட்டும், வாறது கலங்கல். அள்ளின தண்ணியிலை தேத்தண்ணி போட்டுக் குடிச்சும் பாருங்கோ, உவர் இருந்தால் அதிலை தெரியும். மற்றது, 2018 மார்கழி வெள்ளத்திலை அந்தக் காணிக்குள்ளை தண்ணி எவ்வளவு உயரத்துக்கு நிண்டது எண்டு அயலட்டையைக் கேளுங்கோ. விக்கிற ஆள் அதைச் சொல்ல மாட்டார், பக்கத்து வீட்டு ஆச்சி சுவரிலை கையை வைச்சே காட்டுவா.

வெக்கையும் கொஞ்சம் கூடத்தான். கொக்குவில் வளவிலை மாவும் பிலாவும் எங்கடை பாட்டன் வைச்சது. இஞ்சை நாங்கள் வாங்கேக்கை காணிக்குள்ளை தலையில்லாத தென்னைதான் நிண்டது. நாங்கள் வைச்ச மாமரத்துக்குக் கீழை கதிரை போட்டு இருக்கிற அளவுக்கு நிழல் இப்பதான் வந்திருக்கு.

நொத்தாரிசிட்டை நிண்டவன்:

அக்கா, அந்த அரை ஏக்கர் சொந்த உரிமைப் பத்திரம் உள்ள உறுதிக் காணியோ, அரசாங்க அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள பெர்மிட் காணியோ? இதைக் கேக்காமல் ஒரு ரூபாயும் குடுத்திடாதேங்கோ. நான் கனகாலம் காணி உறுதி எழுதிற நொத்தாரிசு ஒருவரிட்டை எழுதுவினைஞனா இருந்தனான்.

யாழ்ப்பாணத்திலை வளர்ந்த எங்களுக்குக் காணி எண்டால் உறுதிதான். வன்னியிலை குடியேற்றத் திட்டக் காணியள் அரச காணி. 1935 ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழை அனுமதிப்பத்திரம் குடுத்து ஆக்களை இருத்தினது. பெர்மிட்காரர் அதைத் தன்ரை விருப்பத்துக்கு விக்கேலாது. பிறகு அரசாங்கத்தின்ரை அளிப்புப் பத்திரம் கிடைச்ச காணியைக் கைமாத்திறதெண்டாலும் பிரதேச செயலாளரின்ரை எழுத்து அனுமதி வேணும். அனுமதி இல்லாத கைமாற்றம் சட்டத்திலை செல்லாது. பெர்மிட்டிலை பின்னுரித்தாளர் எண்டு ஒருத்தரின்ரை பேர் பதிஞ்சிருந்தால், பெர்மிட்காரரும் அவற்றை வாழ்க்கைத்துணையும் இல்லாமல் போனாப் பிறகு உரிமை அவருக்குத்தான் போகும். விலை மலிவா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எங்களிட்டை வந்த ஒரு குடும்பம் முத்திரை ஒட்டின வெள்ளைத்தாளிலை கையெழுத்து வாங்கிப்போட்டு, பெர்மிட் காணியிலை இரண்டு அறையும் குசினியும் கட்டி ஓடும் போட்டிட்டினம். குடுத்த ஐயா நல்ல மனுசன். இருக்குமட்டும் ஒரு சோலியும் இல்லை. அவர் காலமாக, வெளிநாட்டிலை இருந்து மகன் வந்து நிண்டார். பின்னுரித்து அவற்றை பேரிலை. வீடு கட்டின குடும்பத்துத் தாய் தாலிக்கொடியை அடைவு வைச்சு இரண்டாந்தரமும் காசு குடுத்தா. கடதாசியைச் சரிபாக்க ஒரு நாள் செலவழிச்சிருந்தால் அந்தக் கொடி போயிருக்காது. இப்பவும் நினைச்சால் எனக்கு வயிறு எரியும்.

பெர்மிட் இலக்கத்தை வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக் காணிக் கிளைக்கு நீங்களே போங்கோ. பேரேட்டிலை ஆற்றை பேர், பின்னுரித்து ஆருக்கு எண்டு பாக்கவேணும். உறுதிக் காணியெண்டால் காணிப் பதிவகத்திலை பின்னோக்கித் தேடி, தோம்பு எண்ட பதிவேட்டிலை ஈடு, வழக்கு ஏதும் பதிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. சண்டையிலை உறுதியும் பெர்மிட்டும் துலைச்ச சனம் அங்கை கனக்க. கடதாசி இல்லையெண்டதுக்காக விக்கிறவர் கள்ளன் எண்டில்லை. ஆனால் புதுக் கடதாசியை அவர் எடுத்து முடிச்சாப் பிறகு காசைக் குடுங்கோ.

உங்கடை இணுவில் காணியையும் சொல்லவேணும். யாழ்ப்பாணத் தமிழருக்குள்ள தேசவழமைச் சட்டத்தின்படி பங்குக் காணியிலை மற்றப் பங்குக்காரருக்கு முதல் வாங்கிற உரிமை இருக்கு. அவைக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு வித்தால் பிறகு வழக்குக்குப் போகலாம். நீங்கள் விக்கிறதுக்கு உங்கடை அவரின்ரை எழுத்துச் சம்மதமும் வேணும், 1911 இலை வந்த சட்டம் இண்டைக்கும் நடைமுறையிலை இருக்கு. சகோதரங்களோடை முதலே முகத்துக்கு நேரை கதைச்சிடுங்கோ.

குருமன்காடு ரீச்சர்:

நான் வவுனியாவில் இருக்கிறேன், சொந்த ஊர் சுன்னாகம். மாற்றம் கிடைத்து வந்தபோது இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் பெட்டியைக் கட்டினேன். இப்போது பிள்ளைகளுக்கு ஊர் என்றால் வவுனியாதான்.

இங்கே எனக்குப் பிடித்த விடயத்தை முதலில் சொல்கிறேன். "நீர் ஆற்றை மகள், எந்தக் குறிச்சி" என்ற கேள்வி இங்கே குறைவு. பக்கத்து வீட்டில் மலையகத்திலிருந்து வந்தவர்கள், எதிரே முஸ்லிம் குடும்பம், பின்னால் மன்னார்க்காரர். என் பிள்ளைகள் சிங்களமும் தெருவிலேயே பழகிக்கொண்டார்கள். கொழும்பு ரயிலும் வாசலில் நிற்கிற மாதிரி. இது எதுவும் வாடகைக் கணக்கில் வராது, ஆனால் எங்களை இங்கே இருத்தியது இதுதான்.

தண்ணீர் கவனம். இங்கே நிலத்துக்கடியில் கடும்பாறை. சுன்னாகத்துச் சுண்ணாம்புக்கல் ஊற்றுக் கிணற்றை நினைத்துக்கொண்டு வந்து ஏமாறாதீர்கள். சில ஊர்களில் புளோரைட்டு கூட. மாவட்டத்தின் சில பகுதிகளில் சிறுநீரக நோயும் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் நாங்கள் சுத்திகரித்த தண்ணீரைத்தான் வாங்குகிறோம், அதையும் மாதச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

மலேரியா என்று பயமுறுத்துவார்கள். என் அம்மாவும் வன்னிக் காய்ச்சல் வன்னிக் காய்ச்சல் என்றே அழுதார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டது. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

கோப்பாய்க்குத் திரும்பினவன்:

நான் போய்த் திரும்பி வந்தனான். முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையிலை இருந்தம். ஊரிலை ஒரு குறையும் இல்லை. வயல், மீன், நல்ல சனம். வாடகையும் இஞ்சை ஒரு அறைக்குக் குடுக்கிற காசு.

அப்பாவுக்குச் சலரோகம் காலிலை இறங்கினது. கிளினிக் யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரியிலை. வடக்கிலை போதனா வைத்தியசாலை அது ஒண்டுதானே. விடிய நம்பர் எடுக்கிறதெண்டால் நடுச்சாமத்துக்குப் பிறகு வெளிக்கிட வேணும். காலிலை சீலைத்துணி சுத்தினபடி அப்பா வான் சீற்றிலை சரிஞ்சிருப்பார். பரந்தன் வரேக்கை "இன்னும் எவ்வளவு தூரமடா தம்பி" எண்டு கேப்பார். ஆனையிறவுக் காத்து அடிக்க நித்திரையாப் போவார். வேலையிலை லீவு முடிஞ்சு, பேந்து சம்பளமும் வெட்டுப்பட்டது. அவருக்காகத்தான் திரும்பினம். இப்ப அவர் இல்லை, நாங்கள் கோப்பாயிலை கூடின வாடகையிலை இருக்கிறம். திரும்பினதுக்கு நான் கவலைப்படேல்லை.

உங்கடை அம்மாவுக்கு இப்ப சுகம் எண்டால் சந்தோசம். ஆனால் அவவை விட்டிட்டுப் போறதோ, கூட்டிக்கொண்டு போறதோ எண்டதைக் காணி பாக்க முதல் முடிவெடுங்கோ. அவவிட்டையும் கேளுங்கோ. நாங்கள் அப்பாவிட்டைக் கேக்கேல்லை, அவரும் வாய் திறந்து சொல்லேல்லை.

பளைத் தென்னங்காணி:

எல்லாரும் ஆனையிறவு தாண்டித்தான் யோசிக்கிறியள். கொடிகாமம், மிருசுவில், பளைப் பக்கம் பாத்தனீங்களோ? நாங்கள் நல்லூரிலை இருந்து பளைக்கு வந்தம். மனிசன் காலமை ரயிலிலை யாழ்ப்பாணம் வேலைக்குப் போய்ப் பின்னேரம் வாறார். 2014 இலை பாதை திரும்பத் திறந்தது எங்களுக்குப் பெரிய புண்ணியம். மணல் தரை, தென்னை, கிணத்துத் தண்ணி எங்கடை பக்கம் நல்ல தண்ணி. எல்லா இடமும் அப்பிடியில்லை, கடல் கிட்டினால் உவர்.

முகமாலை, கிளாலிப் பக்கம் மலிவாக் காணி வந்தால் கண்ணிவெடி அகற்றி விடுவிச்ச காணியோ எண்டு கட்டாயம் கேக்கவேணும். அந்தப் பகுதி வருசக்கணக்காச் சண்டை முன்னரங்காக் கிடந்த இடம்.

மற்றது, பளை குடாநாட்டுக்குள்ளை இருந்தாலும் நிர்வாகத்திலை கிளிநொச்சி மாவட்டம். கச்சேரி, அதுதான் மாவட்டச் செயலக அலுவலுக்கு எங்களுக்குக் கிளிநொச்சிதான்.

திருநெல்வேலி வாடகை வீடு:

எல்லாருக்கும் நன்றி. கோப்பாய் அண்ணா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "எனக்கு வர விருப்பம், ஆனால் என்ரை மாட்டையும் கொண்டு வரவேணும்" எண்டா. அம்மா வர மாட்டா எண்டு நான்தான் இவ்வளவு நாளும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருந்தனான்.

காணி பெர்மிட் காணியாம். மனுசன் இண்டைக்குத்தான் கேட்டவர். வாங்கிறதை நிப்பாட்டி வைச்சிருக்கிறம். முதல் ஒரு வருசம் வாடகைக்குப் போய் இருந்து பாப்பம் எண்டு கதைக்கிறம். மாடு கட்ட இடமுள்ள வீடு கிளிநொச்சியிலை வாடகைக்கு எடுக்கலாமோ? மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எடுக்கப் போறவ, இடையிலை மாத்தினால் பிள்ளைக்குக் குழப்பமோ?

திருநகர்வாசி:

மூண்டாம் வகுப்பு முடிய மாத்துங்கோ, நாலிலை பழகிடுவா. ஐந்திலை மாத்த வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா இருக்கிறதாலை வெட்டுப்புள்ளி இஞ்சை குறைய எண்டு கடைசி நேரத்திலை பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிற ஆக்களும் இருக்கினம். அதுக்கு இத்தனை வருசம் அந்த மாவட்டத்திலை படிச்சிருக்க வேணும் எண்ட விதியளும் இருக்கு. உங்கடை பிள்ளை சின்னன், இப்ப அந்தக் கணக்கு வேண்டாம்.

மாட்டுக்கு வட்டக்கச்சி, உருத்திரபுரம் பக்கம் பாருங்கோ. அங்கை முற்றத்தோடை வீடு வரும், வைக்கலும் கிடைக்கும். அங்கை கனபேர் எங்கடை பக்கத்திலை இருந்து இரணைமடுத் தண்ணியை நம்பிப் போய்க் குடியேறின ஆக்களின்ரை பிள்ளையள், அம்மாவுக்குக் கதைக்க ஆள் இருக்கும். புரட்டாதிக்குள்ளை வாறதெண்டால் சொல்லுங்கோ, மனிசியும் நானும் கூட வந்து கிணறு பாக்கிறம்.