காலைக் கூட்டத்துக்குப் பணம் கட்டலாமா, கீழமாசி வீதியைச் சுத்துனாப் போதுமா?

வில்லாபுரம் அட்டைப்பெட்டி
எல்லாருக்கும் வணக்கம். மதுரை வில்லாபுரத்துல சின்னதா ஸ்வீட் பாக்ஸ் பட்டறை வச்சிருக்கேன். டூப்ளக்ஸ் அட்டை வாங்கி, அச்சடிச்சு, பஞ்சிங் போட்டு, ஒட்டிக் கொடுக்குறோம். அரைக்கிலோ, ஒரு கிலோ பெட்டிதான் அதிகம் போகும். பழைய கடைகளை வச்சு ஓடுது, புதுக் கடை மட்டும் சேர மாட்டேங்குது. தெரிஞ்சவர் ஒருத்தர், வாராவாரம் வெள்ளனக் கூடி, ஒருத்தருக்கொருத்தர் வாடிக்கையைக் கை காட்டி விடுற ரெஃபரல் குழுவுக்கு விசிட்டரா கூட்டிட்டுப் போனாரு. ஒரு தொழிலுக்கு ஒருத்தர்தானாம். பெட்டித் தொழிலுக்கு இடம் காலியா இருக்கு, விட்டா வேற ஆளு உக்காந்துருவாருன்னு சொல்றாங்க. வருஷக் கட்டணமும் வாராவாரம் டிபன் காசும் சேர்ந்தா எங்களுக்குச் சின்னத் தொகை இல்ல. வீட்டுக்காரர், அந்தக் காசுக்கு அட்டை வாங்கிப் போடலாம்கிறாரு. சேர்ந்து பார்த்தவங்க சொல்லுங்க.

கீழமாசி மளிகை
சேராதம்மா. கோட்டு சூட்டுப் போட்டு ஒருத்தருக்கொருத்தர் கை தட்டிக்கிட்டு இட்லி திங்குறதுக்கு நம்ம எதுக்குப் பணம் கட்டணும்? எங்க அப்பா காலத்துல இருந்து கடை நடக்குது. விசிட்டிங் கார்டே அடிச்சது கிடையாது. சரக்கு நல்லா இருந்து, சொன்ன நாள்ல போய்ச் சேர்ந்தா ஆளு தானா வரும்.

ஃப்ளெக்ஸ் தம்பி
அண்ணே, உங்க கடை கீழமாசி வீதியில இருக்கு. மளிகைன்னா தெக்கத்தி ஊர்க்காரன் பூரா அங்கதான் வந்து இறங்குவான். அக்கா பட்டறை வில்லாபுரத்துச் சந்துக்குள்ள இருக்கு. அங்க யாரு தானா வருவா? நான் அது மாதிரி ஒரு குழுவுலதான் இருக்கேன். கேட்டரிங் ஆளு, மண்டபத்துக்காரர், போட்டோகிராபர், பந்தல்காரர்னு கல்யாண வேலை செய்ற ஆளு பூரா அங்க இருக்காங்க. ஒரு கல்யாணம் ஒருத்தர் கையில கிடைச்சா மத்த எல்லாருக்கும் வேலை வந்துருது.

உசிலம்பட்டியான்
எங்க ஊருச் செய்முறை மாதிரிதான் இது. அவன் வீட்டு விசேஷத்துக்கு நீ செஞ்சாத்தான் உன் விசேஷத்துக்கு அவன் வருவான். முதல்ல செய்யத் தயாரா இருந்தாச் சேருங்க. வாங்குறதுக்கு மட்டும் போனா நோட்டுல பேரே இருக்காது.

கீழமாசி மளிகை
செய்முறையில ஆளு யாருன்னு தெரிஞ்சு செய்றோம், நாலு தலைமுறை தெரியும். அங்க போன மாசம் பழகுனவனுக்கு நீ உன் கஸ்டமரைக் கை காட்டணும். எனக்குத் தெரிஞ்ச கடைக்காரர் அப்படித்தான் ஒரு ஏசி மெக்கானிக்கைக் குழுவுல இருந்து தன் பெரிய வாடிக்கைக்கு அனுப்பி வச்சாரு. அவன் பாதியில போட்டுட்டுப் போயிட்டான். இப்ப அந்த வாடிக்கை கடைப் பக்கம் எட்டிப் பாக்குறதில்ல. பேரு யாரோடது போச்சு?

ஃப்ளெக்ஸ் தம்பி
ஆளைப் பாக்காம அனுப்புனது அவரு தப்பு. அதுக்குத்தான் குழுவுல தனித்தனியா ஒக்காந்து பேசச் சொல்றாங்க. பட்டறைக்கே போய்ப் பாத்துட்டு அப்புறம் ரெஃபர் பண்ணலாம், யாரும் கழுத்துல கத்தி வைக்கல.

கீழமாசி மளிகை
வாராவாரம் யாரு எத்தனை ரெஃபரல் சீட்டுக் கொடுத்தான்னு எல்லார் முன்னாடியும் வாசிச்சா அது கத்தி இல்லாம என்ன தம்பி?

கப்பலூர் லேத்து
ரெண்டு பேரும் குழு நல்லதா கெட்டதான்னே பேசிக்கிட்டு இருக்கீங்க. பெட்டியை யாரு வாங்குறான்னு ஒருத்தரும் கேக்கல. ஸ்வீட் ஸ்டால், பேக்கரி, முறுக்கு சேவு போடுறவங்க. இந்தம்மா போன கூட்டத்துல அந்த ஆளுங்க எத்தனை பேரு இருந்தாங்க? அவங்களுக்குச் சரக்குப் போடுறவங்க எத்தனை பேரு? அம்மா, சொல்லுங்க.

வில்லாபுரம் அட்டைப்பெட்டி
யோசிச்சுப் பாத்தா ஒரு பேக்கரிக்காரர் மட்டும்தான். மத்தவங்க இன்சூரன்ஸ், வீடு கட்டுற இன்ஜினியர், சோலார், டிராவல்ஸ், பல் டாக்டர்.

கப்பலூர் லேத்து
அப்ப அது கட்டடம் கட்டுறவங்களுக்கும் கல்யாணம் பண்றவங்களுக்கும் ஆன குழு. ஃப்ளெக்ஸ் தம்பிக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. ஸ்வீட் ஸ்டால் வாசல்ல வேற யாரு வந்து நிக்குறாங்கன்னு பாருங்க. நெய் போடுறவரு, முந்திரி போடுறவரு, சீனி மைதா மொத்த வியாபாரி, சிலிண்டர், அடுப்பு ரிப்பேர், கண்ணாடி ஷோகேஸ் செய்றவரு. அவங்க யாரும் பெட்டி விக்கல, உங்களுக்குப் போட்டி இல்ல. ஆனா எந்த ஊர்ல புதுக்கடை திறக்குறான், எவன் ரெண்டாவது கிளை போடுறான்னு முதல்ல தெரியுறது அவங்களுக்குத்தான். ஷோகேஸ்காரருக்குக் கடை திறப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சிரும். அந்த ஆளுங்கள்ல அஞ்சாறு பேரைப் பிடிங்க. கட்டணம் கிடையாது.

அது போக மடீட்சியாவுல உறுப்பினர் ஆகுங்க. மாவட்டக் குறுந்தொழில், சிறுதொழில் சங்கம் அது. ரெஃபரல் சீட்டெல்லாம் அங்க கிடையாது. அட்டை விலை ஏறுது, கரண்ட் பில்லு, பேங்க் லோன்னு நம்ம தலைவலியைப் பேச அங்க ஆளு இருக்கும். அம்பேத்கர் சாலையில அவங்க ஹால்ல கண்காட்சி நடக்கும்போது ஸ்டால் போட முடியலேன்னாலும் சுத்தி வாங்க.

ஃப்ளெக்ஸ் தம்பி
சங்கத்துல சேர்ந்து பத்து வருஷமா வருஷாந்திரக் கூட்டத்துக்குப் போய்ப் பிரியாணி தின்னுட்டு வர்றவங்களையும் எனக்குத் தெரியும் அண்ணே. அங்க உங்களை யாரும் எந்திரிச்சுத் தொழிலைச் சொல்லச் சொல்ல மாட்டாங்க. கூச்சப்படுறவங்க கூச்சப்பட்டே இருந்துருவாங்க. காலைக் கூட்டத்துல ஒரு நிமிஷமாவது பேசித்தான் ஆகணும்.

அக்கா, அன்னைக்கு விசிட்டராப் போனப்ப உங்க தொழிலை எப்படிச் சொன்னீங்க?

வில்லாபுரம் அட்டைப்பெட்டி
"எல்லா விதமான பேக்கிங் பெட்டிகளும் சிறந்த முறையில் செய்து தருகிறோம்"னு சொன்னேன்.

ஃப்ளெக்ஸ் தம்பி
அதைக் கேட்டு யாருக்கும் யாரு ஞாபகமும் வராது அக்கா. "அரைக்கிலோ மைசூர்பாகு வச்சா மறுநாளும் அடியில நெய் ஊறாத பெட்டி செய்றேன். திருமங்கலம், மேலூர்ப் பக்கம் புதுசா ஸ்வீட் ஸ்டால் திறக்குற ஆளு யாராவது தெரியுமா?" அம்புட்டுத்தான். குழுவுல சேருங்க சேராமப் போங்க, இதை மட்டும் மாத்திக்கங்க.

கீழமாசி மளிகை
இது நியாயமான பேச்சு. நெய் ஊறாத பெட்டி நெசமாவே செய்றியாம்மா? உள்பக்கம் லேமினேஷனா?

வில்லாபுரம் அட்டைப்பெட்டி
ஆமாண்ணே, உள்ளுக்குக் கோட்டிங் உள்ள அட்டை. விலை கொஞ்சம் கூட.

கீழமாசி மளிகை
அப்ப சாம்பிளோட கடைக்கு வா. மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல வா, காலையில லோடு இறங்கும், பேச முடியாது. ஸ்வீட் ஸ்டாலுக்குப் போனாலும் அந்த நேரந்தான். சாயங்காலம் வியாபாரம் நடக்குறப்ப போய் நின்னா "அப்புறம் பாக்கலாம்"னுதான் சொல்லுவாங்க. வெறுங் கார்டை நீட்டாத. அவங்க கடை ஜாங்கிரியையே பெட்டியில வச்சு ஒரு ராத்திரி விட்டுப் பாக்கச் சொல்லு.

வரிக்கணக்கு
எல்லாரும் ஆர்டர் வாங்குறதைப் பத்திப் பேசுறீங்க, பாக்கி வாங்குறதைப் பத்தி யாரும் பேசல. தெரிஞ்சவர் மூலமா வர்ற கடையில கறாராக் காசு கேக்க முடியாது. சிபாரிசு பண்ணவரு முகத்துக்காக விட்டுப் பிடிக்க வேண்டி வரும்.

அம்மா, உத்யம் பதிவு, அதான் மத்திய அரசோட குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு, இருக்கா? ஆன்லைன்ல இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீங்க. நீங்க உற்பத்தி பண்றவங்க, அதனால குறு, சிறு நிறுவனமாப் பதிஞ்சிருந்தா 2006-ல வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் உங்க பக்கம். எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல கடன் தவணை வைக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள். தாண்டுனா வட்டி கேக்கலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுல இருந்து, சரக்கு வாங்குனவர் கெடு தாண்டிக் காசு கொடுத்தா, அந்தத் தொகையைக் கொடுத்த வருஷத்துலதான் வருமான வரிக்குச் செலவாக் காட்ட முடியும். அதனால கணக்கு முழுசா வச்சிருக்குற பெரிய கடைகள் இப்ப உத்யம் நம்பர் கேக்குறாங்க. பில்லுல அந்த நம்பரை அச்சடிச்சிருங்க. மளிகை அண்ணனுக்கு இது பொருந்தாது, வெறும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கீழமாசி மளிகை
எங்களுக்கு எதுதான் பொருந்துச்சு.

ஆனா ஒண்ணு, முதல் பில்லுலயே சட்டத்தைக் காட்டுனா ரெண்டாவது பில்லு போட மாட்டாங்க. மதுரையில சட்டம் பேசிக் கடை பிடிச்சவன் எவனும் இல்ல.

வரிக்கணக்கு
காட்டச் சொல்லல, அச்சடிச்சு வைக்கத்தான் சொன்னேன். கேக்க வேண்டிய நாள்ல கையில இருக்கணும்ல.

உசிலம்பட்டியான்
ஒரு தொழிலுக்கு ஒருத்தர்னு இப்ப புதுசாச் சொல்ற மாதிரி சொல்றாங்க. 1905-ல சிகாகோவுல ரோட்டரி ஆரம்பிச்சப்பவே அந்த வழக்கந்தான். முதல்ல ஒருத்தருக்கொருத்தர் வியாபாரம் கொடுத்துக்கிட்டாங்க, அப்புறந்தான் சேவைன்னு போனாங்க. நம்ம ஊர்லயே தமிழ்நாடு வர்த்தக சங்கம் 1924-ல இருந்து இருக்கு. ஆளு சேர்றதுல தப்பே இல்ல, எந்த ஆளுங்களோடன்னுதான் கேள்வி.

ஃப்ளெக்ஸ் தம்பி
அக்கா, என்ன முடிவு? அந்த இடத்துல வேற பெட்டிக்காரர் உக்காந்துட்டா அப்புறம் அந்தக் குழுவுல சேர முடியாது, அதையும் யோசிச்சுக்கங்க.

வில்லாபுரம் அட்டைப்பெட்டி
உக்காந்தா உக்காரட்டும் தம்பி. ஒரே ஒரு பேக்கரிக்காரருக்காக வருஷக் கட்டணம் கட்ட முடியாது. அவரு நம்பர் ஏற்கெனவே வாங்கிட்டேன். ஆடி முடிஞ்சா தீபாவளிப் பெட்டிக்குப் பேச்சு ஆரம்பிச்சிரும், அதுக்குள்ள லேத்து அண்ணன் சொன்ன மாதிரி நெய், முந்திரி, ஷோகேஸ் ஆளுங்களைப் பாக்குறேன். மளிகை அண்ணே, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரலாமா? ஷோகேஸ் செய்றவங்க யாராவது இங்க இருந்தா எனக்குத் தனியா ஒரு தாக்கல் சொல்லுங்க.

கீழமாசி மளிகை
புதன்கிழமை வா. அன்னைக்குத்தான் நெய்க்காரரு வசூலுக்கு வருவாரு.